சிஞ்ஞோரா வில்மாவின் அபிப்பிராயம்

வில்மா அம்மையாருக்கு, இத்தாலியர் வாயில் சிஞ்ஞோரா வில்மாவுக்கு, எண்பத்தொரு வயது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டி, அவர் காலமான பிறகும் அந்த நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியை விட்டு அசையாதவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் தபாலில் வாக்குப் போடுவார். மற்ற நேரமெல்லாம் அமெரிக்கச் செய்தியைப் போட்டுவிட்டு அதோடு சண்டை பிடிப்பார்.

"நாற்பத்தேழு வீதமான மக்கள் இப்படி நினைக்கிறார்களாம்! யாரைக் கேட்டார்கள்? இத்தனை வருஷத்தில் என்னை ஒருத்தராவது கேட்டார்களா?"

அந்த வீட்டு வேலைகளைப் பார்ப்பவள் சிவமலர், யாழ்ப்பாணத்துப் பெண். இந்த முறைப்பாட்டைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அமெரிக்காவின் மேல் கோபம் வந்திருந்தது.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம். சிஞ்ஞோரா தலைக்குச் சாயம் பூசப் துறைமுகத்துக்குக் கிட்ட போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கும் சலூனுக்குப் போயிருந்தார். சமையலறையில் சார்ஜில் விட்டுப்போன அவருடைய கைபேசி அடித்தது. சிவமலர் எடுத்தாள்.

"வணக்கம், என் பெயர் கெவின். செனட் தேர்தல் பற்றிய கருத்துக் கணிப்புக்காக அழைக்கிறேன். வாக்காளர் பட்டியலில் வில்மா அம்மையாரின் பெயர் குலுக்கலில் விழுந்திருக்கிறது. அவரோடு பேசலாமா?"

சிவமலர் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தாள். அவளுடைய ஆங்கிலம் சிஞ்ஞோராவிடம் கற்றது. "அவர் வெளியே. பிறகு எடுப்பீர்களா?"

"இன்றோடு கணிப்பு முடிகிறது. எண்களைக் கணினிதான் அழைக்கிறது. இந்த எண் திரும்பவும் வருமென்று சொல்ல முடியாது."

"வைக்காதீர்கள்! கூட்டிவருகிறேன். இல்லை, நான் அவரிடம் வருகிறேன். வைத்துவிடாதீர்கள்!"

அடுப்பை நிறுத்தினாள். கையில் கிடைத்த செருப்பை மாட்டினாள். ஒன்று அவளுடையது, மற்றது சிஞ்ஞோராவுடையது. படிகளில் தடதடவென்று இறங்கினாள். தெருவில் அவளுடைய கணவன் றஞ்சித், மரக்கறிக் கடையின் மூன்றுசில்லு வண்டியில் இருந்து கத்தரிக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, வண்டியை எடுங்கோ! அமெரிக்கா லைன்ல நிக்குது!"

"ஆர் நிக்கிறது?"

"அமெரிக்கா! சிஞ்ஞோராவைக் கேக்கினம். கெதியாய்!"

றஞ்சித் மேலே எதுவும் கேட்கவில்லை. ஒருவருக்கான இருக்கையில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார, வண்டி துறைமுகப் பக்கமாகக் குலுங்கிப் பாய்ந்தது. கெவினைப் பேச்சில் பிடித்து வைக்காவிட்டால் வைத்துவிடுவானென்று சிவமலர் பயந்தாள்.

"தேர்தலில் நிற்கும் இருவரில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும், கெவின்? நீதிபதி அம்மாவையா, அந்தப் பண்ணைக்காரரையா?"

"நான் சொல்லக்கூடாது. கேட்பவன் வாயைத் திறந்தால் பதில் சொல்பவர் மனம் மாறிவிடும்."

"எத்தனை பேரைக் கேட்கிறீர்கள்?"

"எண்ணூறு பேரை."

"ஒஹாயோவில் மொத்தம் எத்தனை சனம்?"

"ஒரு கோடிக்கு மேல்."

அவள் றஞ்சித்தின் காதுக்குள் கத்தினாள். "ஒரு கோடிச் சனத்துக்கு எண்ணூறு பேரைத்தான் கேக்கினமாம்!"

"அப்ப சிஞ்ஞோரா வாயைத் திறந்தா ஒரு ஊரே கதைக்கிற மாதிரி."

"அது எப்பவும் அப்பிடித்தானே!"

சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு மீன் பெட்டியில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. மீன்காரன் ஏசினான். "பின்னால் என்ன சத்தம்?" என்று கெவின் கேட்டான். "மக்கள்," என்றாள் சிவமலர்.

சலூனில் சிஞ்ஞோரா வில்மா தலை நிறையச் சாயத்தோடு, கழுத்தில் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னையா? என்னையா கேட்கிறார்கள்?"

சாயம் படாமலிருக்கக் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள் சிவமலர். சலூன்காரி ரொசாலியா உலர்த்தியை நிறுத்தினாள். முடி சுருட்டியபடி இருந்த பெண்களெல்லாம் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள்.

கெவின் வாசித்தான். "நாடு சரியான பாதையில் போகிறதா, பிழையான பாதையிலா?"

சிஞ்ஞோரா தன் சிறுவயதில் இருந்து ஆரம்பித்தார். ஒஹாயோவின் உருக்காலைகளைத் தாண்டும்போது கெவின் மெதுவாகக் குறுக்கிட்டான். "இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், அம்மா."

கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ரொசாலியா அதை இத்தாலியனில் எடுத்துச் சொன்னாள். உடனே சலூன் முழுவதும், "பிழை! பிழை!" என்று கத்தியது. ஒருத்தி மட்டும், "சரி, ஆனால் மெதுவாக" என்றாள்.

"மற்றவர்கள் பதில் சொல்லக்கூடாது," என்றான் கெவின், அழுவதுபோல.

"பிழை என்று போடுங்கள்," என்றார் சிஞ்ஞோரா கம்பீரமாக.

"இன்று தேர்தல் நடந்தால் செனட்டுக்கு யாருக்கு வாக்களிப்பீர்கள்?"

சலூன் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காகத் தொலைக்காட்சிக்கு உபதேசம் செய்த வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. அந்த நேரம் பார்த்துச் சாயம் நெற்றியில் இருந்து வழிந்து கண்ணை நோக்கி ஓடியது. ரொசாலியா பாய்ந்து அவரைக் கதிரையில் அமர்த்தித் தலையைக் கழுவும் தொட்டிக்கு இழுத்தாள்.

"முடிவெடுக்காவிட்டாலும் பரவாயில்லை," என்று கெவின் விடாமல் வாசித்தான். "இந்த நிமிடத்தில் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்?"

"பின்பக்கம்!" என்று அலறினார் சிஞ்ஞோரா. "தொட்டிக்குள்!"

தட்டச்சுச் சத்தம். "தீர்மானிக்கவில்லை," என்று கெவின் தனக்குத்தானே சொல்வது கேட்டது. வயதையும் படிப்பையும் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே கேட்டு எழுதிக்கொண்டு, மிக்க நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

சிஞ்ஞோரா ஈரத்தலையோடு நிமிர்ந்தார். "என்ன எழுதினான்?"

சிவமலர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சிஞ்ஞோராவின் முகம் சுருங்கியது, நடுங்கியது, பிறகு வெடித்துச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். றஞ்சித் வாசலில் நின்று சிரித்தான். எதற்கென்று தெரியாமல் சலூனே சிரித்தது.

வீடு திரும்பும்போது சிவமலரிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "சாயம் ஓடியிருக்காவிட்டாலும் எனக்குப் பதில் வந்திருக்காது. தொலைக்காட்சியோடு சண்டை பிடித்தேனே தவிர, இந்தத் தேர்தலில் யார் வேண்டுமென்று நான் யோசித்ததே இல்லை."

சில நாட்களில் கணிப்பின் முடிவு வந்தது. இரண்டு வேட்பாளருக்கும் சமமான வீதம். மீதி எட்டு வீதம் தீர்மானிக்காதவர்கள். கோட்டுப் போட்ட நிபுணர் ஒருவர் அந்த எட்டு வீதத்தை விளக்கினார்: "குறிப்பாக வயதான பெண்கள். அவர்களுடைய மௌனத்தில் ஆழ்ந்த ஏமாற்றம் இருக்கிறது."

"மௌனமாம், சிஞ்ஞோரா!" என்று சிவமலர் சோபாவில் சரிந்தாள். சிஞ்ஞோரா கண்ணீர் வரச் சிரித்தார்.

அடுத்த வாரம் முழுக்க இரண்டு வேட்பாளரும் வயதான பெண்களைப் பற்றியே பேசினார்கள். மருந்து விலையைக் குறைப்பதாக ஒருவர் சொன்னால், மற்றவர் இன்னும் குறைப்பதாகச் சொன்னார். சிஞ்ஞோரா நாடியில் கையூன்றி உட்கார்ந்து, முதல்தடவையாகக் குறுக்கே பேசாமல் இருவரையும் கேட்டார். பிறகு ஒரு காலை, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையால் மறைத்துக்கொண்டு வாக்குச்சீட்டை நிரப்பினார்.

"ஆருக்கு?" என்று சிவமலர் தமிழிலேயே கேட்டுவிட்டாள். அந்தச் சொல் சிஞ்ஞோராவுக்குப் புரிந்தது. அவர் உறையை நக்கி ஒட்டினார்.

இருவரும் கைகோத்துத் தபாற்கந்தோருக்குப் போய் அதை அனுப்பிவிட்டு, வுச்சீரியாச் சந்தையில் ஒரு கடையில் நின்றபடி கோப்பி குடித்தார்கள். பக்கத்தில் நின்ற கிழவர், ஞாயிற்றுக்கிழமை காற்பந்து ஆட்டத்தில் பலெர்மோ அணி வெல்லுமா என்று சும்மா கேட்டார். கோப்பி ஆறும்வரை சிஞ்ஞோரா வில்மா தன் அபிப்பிராயத்தைக் காரணங்களோடு விளக்கினார்.