தாத்தாவின் பழைய பெயர்

கிறிஸ்தவ வேதத்தில் சேருமுன் தாத்தா சவரிமுத்துவுக்கு என்ன பெயர் என்று ராஜபாளையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பேரன் இருதயம், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, மம்சாபுரத்துக்கு நடந்தான். தாத்தாவின் தம்பி ஒருவர்தான் அங்கே மிச்சம்.

"அவன் ஞானஸ்நானம் வாங்குன அன்னைக்கே குடம் ஒடச்சுத் தலைமுழுகிட்டோம்லே," என்றார் கிழவர். "இனி அந்தப் பேரை எடுக்கப்படாதுன்னு எங்க அய்யா சத்தியம் வாங்கிட்டாரு."

"ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும் தாத்தா. நீங்களும் போய்ட்டா?"

"என்னோட போகட்டும்."

சொன்னவர், பார்வையற்ற கண்ணோடு இருதயத்தின் முகத்தைத் தடவினார். விரல் தாடையில் நின்றது.

"அவனேதான்," என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

வெளியே இறங்கிய இருதயம் இன்னும் தெருமுனைகூடத் தாண்டவில்லை. கிழவர் தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் தலைமுழுகியது இருதயத்தை.