முகூர்த்த ரவிக்கையில் கருகமணி

விடிந்தால் கல்யாணம். முகூர்த்த ரவிக்கையை விரித்துப் பார்த்த கல்யாணசுந்தரி அம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அவர். கோவில்பட்டியில் இரண்டு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற குடும்பம். பட்டு எடுத்துக் கொடுத்தது அவர்கள் என்பதால், தைத்ததைப் பார்க்கவும் அவரே என் கடைக்கு வந்துவிட்டார், மணப்பெண் வள்ளிமயிலையும் கூட்டிக்கொண்டு.

"இது என்னட்டி?" என்று கழுத்தோரம் ஓடிய கருகமணி வரிசையை நகத்தால் சுரண்டினார். "முகூர்த்தத்துல கறுப்பா? எங்க குடும்பம் வெளங்கவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அப்பா வீட்டிலும் கல்யாணத்தன்று கறுப்பு ஆகாதுதான். ஆனால் புதூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிற என் அம்மா வீட்டில் தாலியோடு கருகமணி கோத்தால்தான் மங்கலம். நான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. டிசைனிங் படித்துவிட்டு வந்து நான் தைக்கிற துணியிலெல்லாம் இந்த இரண்டு வீடும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். ஊர்ப் பெண்கள் என்னைத் தேடி வருவதே அதற்காகத்தான்.

வள்ளிமயிலும் அப்படி வந்தவள்தான். அளவு கொடுத்த அன்று என் அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, எனக்கும் இந்த மணி வச்சுத் தாங்க" என்று கேட்டாள். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானும் குஷியாகச் சரி என்றேன். புத்தி வேண்டாமா எனக்கு!

"யாரு வைக்கச் சொன்னா? இவளா?" கல்யாணசுந்தரி அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார்.

வள்ளிமயில் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். உண்மையைச் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன். அவளோ வாழப்போகிற வீட்டுக்குள் இந்தப் பேச்சோடுதான் நுழைய வேண்டும். திரைக்குப் பின்னால் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ கேக்கல. நாந்தான் வச்சேன்" என்றேன். "எங்கம்மா வீட்டுப் பழக்கம். தப்பா வந்துட்டும்மா. சாயங்காலத்துக்குள்ள எடுத்துருதேன்."

மெஷின் நின்றது.

"அதான பாத்தேன்! ஒங்கம்மா வீட்டுக் கூத்தெல்லாம் எங்க துணியில வேண்டாம். தங்க மணி வையி" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். பின்னால் போன வள்ளிமயில் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா வெளியே வந்தாள். ரவிக்கையை மடியில் போட்டு, ஊசியால் நூலை நெம்பத் தொடங்கினாள். கருகமணி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. வேறு வழி இல்லாமல்தான் அப்படிச் சொன்னேன் என்று தெலுங்கில் கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் பிறந்ததிலிருந்து என்னிடம் தெலுங்கைத் தவிர வேறு பேசியறியாதவள், நிமிராமல் தமிழில் சொன்னாள்.

"நீ கை வைக்காத. எங்க வீட்டுத் தப்ப நானே பிரிச்சிருதேன்."