ஊர் நோட்டு

“ஊர் நோட்டைக் குடுங்க மாமா. கோர்ட்டுல குடுக்கணும்.”

மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஊர்க் கமிட்டி அறையில் லிண்டா இப்படிக் கேட்டதும், ஊர்த் தலைவர் ஆன்டனி ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவளுடைய தாய்மாமன். இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று அவளிடம் சொன்னது ஜெயிலில் இருக்கும் அப்பா சவேரியாரேதான்.

ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு மீன் வியாபாரியைக் கத்தியால் குத்திய வழக்கில் அவருக்குப் பத்து வருஷம். சம்பவம் நடந்தது சாயங்காலம் ஏழு மணிக்கு என்கிறது தீர்ப்பு. அதே ஏழு மணிக்கு அவர் இதே அறையில் கைகட்டி நின்றிருந்தார். ஸ்டிரைக் நாளில் கடலுக்குப் போன குற்றத்துக்கு, ஏழு நாள் தொழிலுக்குப் போகக் கூடாது என்று கமிட்டி விதித்தது. கமிட்டித் தீர்மானங்களை எழுதும் ஊர் நோட்டில் தேதி, நேரம், அவர் கையெழுத்து, கீழே கமிட்டிக்காரர்கள் பதின்மூன்று பேர் கையெழுத்து.

விசாரணையில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் கட்டப்பஞ்சாயத்து என்று பதின்மூன்று பேர் மேலும் கேஸ் பாயும். ‘வீட்டில் படுத்திருந்தான்’ என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் ஒருவர் கட்டில் என்றார், இன்னொருவர் பாய் என்றார். அதோடு சரி.

லிண்டாவுக்கே போன மாதம்தான் தெரியும். படகு அணையும் ஜெட்டி கட்டித் தரக் கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதப் பழைய தீர்மானங்களைத் தேடச் சொல்லி, மாமாதான் நோட்டுக் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். ஊரில் டிகிரி முடித்தவள் அவள் ஒருத்தி.

“நம்பிக் குடுத்தேன் புள்ள.”

“படிக்கத்தான குடுத்தீக. படிச்சேன்.”

“ஏத்தா, கோவப்படாத. அன்னைக்கு ஜெபக்கூட்டம், அதுல இருந்தான்னு பதிமூணு பேரும் வந்து சொல்றோம். நோட்டு எதுக்கு?”

“கட்டிலு, பாயி முடிஞ்சு இப்ப ஜெபமா? நடந்ததைச் சொன்னா அய்யா வெளிய வந்திருவாக. அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறீக.”

மாமா குரலைத் தாழ்த்தினார். “நாலு வருசமா இந்த ஊருதான உங்களுக்குச் சோறு போட்டுச்சு? நோட்டு வெளிய போனா ஒருத்தனும் உங்களோட பேச மாட்டான். ஒங்க ஆத்தாட்ட கேட்டியா?”

“கேட்டேன். வேணாம்னுச்சு. அய்யாவும் வேணாம்னாக.”

“பெறகென்ன?”

“அவுக ரெண்டு பேருக்கும் ஊரை நெனச்சுப் பயம். எனக்கு மிச்சமிருக்க ஆறு வருசத்த நெனச்சுப் பயம்.”

அலமாரிச் சாவி மாமாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. கை அங்கே போகவில்லை.

“நோட்டு செல்லரிச்சுப் போச்சும்பேன்.”

“ஜட்ஜுட்ட சொல்லுங்க. போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பிட்டேன்.”

மதுரையில் அப்பீலை நடத்தும் வக்கீல் மதுமதி தெளிவாகச் சொல்லியிருந்தார். போட்டோ மட்டும் போதாது. ஊர் தானாகக் கொடுக்காவிட்டால், நோட்டையும் கையெழுத்துப் போட்டவர்களையும் வரவழைக்கச் சொல்லி மனுப் போடலாம். ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதி பாடு.

“வக்கீலுட்ட யார் யார் பேரு குடுத்திருக்க?”

“பதிமூணும். மொதப் பேரு உங்களுது.”

“உக்காரு புள்ள, பேசுவோம்.”

லிண்டா உட்காரவில்லை. கேட்டால் தருவாரா என்று ஒரு முறை பார்க்கத்தான் வந்தாள். மனுவில் நேற்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.