குஜிலியம்பாறை பஸ்ஸில் ஒரு சுரூபம்

என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து முட்டை வியாபாரி. பேகம்பூரிலிருந்து மதுரைக்குக் கூடை கூடையாக அனுப்புவார். அந்தத் திமிரில், பஸ்ஸில் கொண்டுபோக வேண்டிய ரேடியோவையும் வைக்கோல் போட்டுக் கட்டினால் போதும் என்றார்.

"முட்டையே ஒடையாம மதுரை போகுது. இது மரப்பெட்டிதானே, ரோஸ்மேரி?"

"முட்டை கனக்காது. இது அம்மி கனம் கனக்குது. வண்டி குலுங்குனா வைக்கோலை நசுக்கிட்டுப் போயி ஓரத்துல இடிக்கும்" என்றேன். ஒத்துக்கொள்வாரா? அவர் கட்டிய பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினேன். உள்ளே டொக்கென்று சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் வாயை மூடினார்.

ரேடியோ என் தங்கை அல்போன்சாவுக்கு. குஜிலியம்பாறைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவளுக்கு டீச்சர் வேலை. அவள் புருஷன் அருள்நாதன் பட்டாளத்தில் இருந்தான். சீனாக்காரனோடு சண்டை தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்த ஊரில் கரண்டு கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் சொல்வதுதான் செய்தி. ஒருத்தர் நம் ஆட்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்பாராம், இன்னொருத்தர் டெல்லியே போய்விட்டது என்பாராம். 'நல்லதோ கெட்டதோ, உண்மையைக் கேட்டால் போதும் அக்கா' என்று எழுதியிருந்தாள். கொடைக்கானலைவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய பேட்டரி ரேடியோ எப்படியோ எங்கள் கைக்கு வந்தது. உடைந்தால் வேறொன்றுக்கு எங்களுக்கு வழியில்லை.

ரிப்பேர் கடைக்காரர் சொன்னபடி, ரேடியோவுக்குள் பல்பு மாதிரி இருந்த கண்ணாடி வால்வுகளைக் கழற்றினேன். எது எந்தக் குழிக்கு என்று சாக்பீஸால் எண் போட்டு, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றித் தலையணைக்குள் செருகினேன். தலையணை என் மடியில் வரும். ரேடியோவைப் போர்வையில் சுற்றி ஒரு பெட்டியில் இறுக்கி, அதைப் பெரிய பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் பழந்துணியைக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். மறுபடி ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், ஆண்டிச்சாமி என்ற கூலிக்காரர் யாருடைய பெட்டியையோ பஸ் கூரைக்கு வீசிக்கொண்டிருந்தார். மேலே நின்றவன் பிடிக்கவில்லை. அது படாரென்று விழுந்த சத்தத்தில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அப்பு, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாருந்தான் கண்ணாடிங்கிறாக. தள்ளுங்க."

அவர் பெட்டியில் கை வைத்ததும் என் வீட்டுக்காரர் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். "அந்தோணியார் சுரூபம்ப்பு, சாமி சிலை. எம் மச்சினி ஊருக்குப் போகுது."

ஆண்டிச்சாமி சட்டென்று கையை எடுத்துவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "சாமியைக் கூரையில போட்டா வெளங்குமா?" என்று அவரே கண்டக்டரிடம் சண்டை பிடித்து, முன் சீட்டில் இருந்த இரண்டு பேரை எழுப்பிப் பெட்டியை உட்கார வைத்தார். டிரைவர், முருகன் படத்துக்குப் போட்டிருந்த பூச்சரத்தில் பாதியைக் கிள்ளி அதன்மேல் வைத்தார். பள்ளம் மேடெல்லாம் பஸ் ஊர்ந்து போனது. என் மடியில் தலையணை, எனக்குச் சிரிப்பும் வரவில்லை, செபமும் வரவில்லை.

பாதி வழியில் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒச்சம்மாள், பெட்டி யாருக்கு என்று கேட்டாள். சொன்னோம். "எங்கூரு டீச்சரம்மா வீட்டுக்கா சாமி வருது!" என்றாள். பஸ்ஸைவிட்டு இறங்கி நாங்கள் மாட்டுவண்டி தேடிக்கொண்டிருந்தபோது, அவள் காட்டுவழியாக முன்னாலேயே போய்விட்டாள்.

அதன் பலன் ஊர் எல்லையில் தெரிந்தது. கொட்டு, தேங்காய், மாலை. எங்களைப்போல் வேதக்காரர் ஒரு வீடுகூட இல்லாத ஊர், அல்போன்சாவின் சாமி என்பதற்காக ஊரே திரண்டு நின்றது. நடுவில் அவள், கண்ணெல்லாம் குழிந்துபோய், "எந்தச் சுரூபம்க்கா?" என்று விழித்தாள். என் வீட்டுக்காரர் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சுரூபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரேடியோ. இவ புருஷன் சண்டையில இருக்காரு, சேதி கேக்கணும். பஸ்ல எறிஞ்சு ஒடச்சிருவாகன்னு பொய் சொல்லிட்டோம்" என்றேன்.

கொட்டு நின்றது. அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஒச்சம்மாள் என் அருகில் வந்தாள்.

"ஏந்தாயி, இதை மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா? எங்க டீச்சரம்மாவுக்குச் சேதி கேக்கன்னா, நான் மடியிலயே வச்சுக் கொண்டாந்திருப்பேனே."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குள் நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். எவரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றியிருந்தார்கள்.

ஒருவர் தென்னையில் ஏறி ஏரியல் கம்பியைக் கட்டினார். நான் எண் பார்த்து வால்வுகளைச் செருகினேன். ஒன்றுகூட உடையவில்லை. பேட்டரியைப் பூட்டித் திருகினால் வெறும் கரகரப்பு. மெல்ல மெல்லத் திருக, டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி தெளிவாக வந்தது. சீனா சண்டையைத் தானாகவே நிறுத்துவதாக அறிவித்துவிட்டதாம்.

"நின்னுருச்சாக்கா?"

"நின்னுருச்சுடி."

அருள்நாதனைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் இனிமேல் குண்டு விழாது. அல்போன்சா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள், மூலையில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"நெசமாவே அந்தோணியார்னா சொன்னீக, அத்தான்?"

அவர் தலையை ஆட்டினார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செய்தி வாசிப்பவரின் குரலே கேட்காத அளவுக்குச் சிரித்தாள். ஒருவரும் அவளைச் சும்மா இரு என்று சொல்லவில்லை.