அறுபத்தெட்டில் நிற்காத பெட்டி

நாங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் என் மாமனாரின் சுருட்டுப் பெட்டி சமர்த்தாக இருக்கும். உள்ளே காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியின் முள் அறுபத்தெட்டு சதவீதத்தை விட்டு அசையாது. நானும் மனைவியும் நாலைந்து நாள் வெளியூர் போய்த் திரும்பினால் ஐம்பத்தைந்து. அதே பெட்டி, அதே அறை. கிளம்பும்போது தண்ணீரும் நிரப்பிவிட்டுத்தான் போகிறேன். மூன்று முறை போனோம், மூன்று முறையும் இதே கதை. நாங்கள் ஊரில் இல்லை என்பது பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

இதைக் கண்டுபிடிக்காவிட்டால் எனக்கு விடிவு கிடையாது. நான் லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் ஒரு கம்பெனி என்னை மேற்பார்வையாளராகக் கூப்பிட்டிருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். மாமனார் தாராளமாகப் போகச் சொன்னார். அசையாதவள் அவர் மகள்.

"நாம இல்லேன்னா ஒரு பெட்டியே ஒழுங்கா இருக்க மாட்டேங்குது. அப்பா தன்னை எப்படிப் பாத்துக்குவார்?"

"பெட்டி வேற, உங்கப்பா வேறம்மா."

"உங்களுக்கு வேற. எனக்கு ஒண்ணுதான். அது நாம இல்லாம நல்லபடியா இருந்தா நாளைக்கே பெட்டி கட்டுறேன். இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க."

மாமியார் இறந்தபோது, அப்பாவுக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று வந்தவர்கள் நாங்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. படுப்பது அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய கட்டிலில். காலை நீட்டினால் சுவர் இடிக்கும், மடக்கினால் அவள் இடிப்பாள். நான் தும்மினால் பக்கத்து அறையிலிருந்து "மாப்பிள்ளை, வெந்நீர் வைக்கவா?" என்று குரல் வரும். அன்புதான், ஆனால் தும்மக்கூட உரிமையில்லாத வீட்டில் எத்தனை வருஷம் இருப்பது? "லிஃப்டுல மாட்டினவனையெல்லாம் வெளிய எடுக்கிற, உன்னை எடுக்க எந்தக் கம்பெனிக்குப் போன் போடணும்?" என்று வேலையிடத்தில் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

பெட்டி கூடத்தில், சுவரோரம் ஒரு மேசைமேல் இருக்கிறது. மாமனார் பெரிய ஹோட்டலில் பார் மேலாளராக இருந்தவர். விருந்தாளிகள் அன்பளிப்பாகக் கொடுத்த நல்ல சுருட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். நுரையீரல் கெட்டபிறகு டாக்டர் புகையை அடியோடு நிறுத்திவிட்டார். ஒருநாள் கையில் தீப்பெட்டியோடு பெட்டிப் பக்கம் நின்றவரை மகள் பிடித்துவிட்டாள். அன்று வீடே அதிர்ந்தது. அதிலிருந்து பெட்டியைத் திறப்பதும் தண்ணீர் விடுவதும் என் பொறுப்பு. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் பெட்டிக்கு நேர் எதிரே இருக்கிறது.

சுருட்டு என்பது வெறும் இலைதான். காய்ந்தால் மேலிலை வெடிக்கும், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அதில்தான் அதை நடத்திச் செல்ல வேண்டும். பெட்டியின் உட்புறம் சாயம் பூசாத சீடார் மரப் பலகை. அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, உள்ளே காற்று காயும்போது மெல்ல விட்டுக்கொடுக்கும். மூடியின் அடியில் ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பா. அதற்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு நாளடைவில் பஞ்சை அடைத்துவிடும்.

முதலில் ஈரமானி பொய் சொல்கிறதோ என்று பார்த்தேன். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரையவிடாமல் சேறு போல நனைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒருநாள் வைத்தால் முள் எழுபத்தைந்தில் நிற்க வேண்டும். ஈர உப்பின் குணம் அது. அடைபட்ட காற்றை எப்போதும் அந்த அளவுக்கே கொண்டுவந்துவிடும். முள் எழுபத்துநாலு காட்டியது. ஒன்று கூட்டிக்கொண்டால் போதும், பொய் சொல்லவில்லை.

அடுத்தது கசிவு. டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, கூடத்து விளக்கை அணைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீற்று வெளிச்சமும் வரவில்லை. மூடிக்கு நடுவே காகிதத் துண்டைச் செருகி இழுத்தேன். நான்கு பக்கமும் இறுகப் பிடித்தது.

பிறகு வெப்பத்தைச் சந்தேகித்தேன். ஆறு பேர் ஏறிய லிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கான லிஃப்ட் என்றால் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. அதே ஆறு பேர் பன்னிரண்டு பேருக்கான லிஃப்டில் நின்றால் பாதி காலி. காற்றும் அப்படித்தான். சூடு ஏற ஏற அதில் ஈரத்துக்கான இடம் பெருகும். தண்ணீர் அதே அளவு இருந்தாலும் முள் இறங்கிவிடும். நாங்கள் இல்லாதபோது மாமனார் ஜன்னலை அடைத்துக் கூடத்தைச் சூடாக்குகிறாரோ என்று, ஏறிய உச்ச வெப்பத்திலேயே முள் நின்றுவிடும் வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூன்றாவது முறை ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வெப்பம் ஏறவே இல்லை. ஈரம் மட்டும் ஐம்பத்தைந்து.

அவள் சூட்கேஸிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். காய்ந்த சுருட்டுகளைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல்தட்டுச் சுருட்டுகளை விரலால் மெல்ல அழுத்தினால் சருகுபோல் சத்தம். சிலவற்றில் மேலிலை வெடித்திருந்தது. அடித்தட்டில் உள்ளவற்றை அழுத்தினேன். ரப்பர் மாதிரி அமுங்கி எழுந்தன. இவை காயவே இல்லை!

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மெல்லக் கசியும் பெட்டியில் காற்று மேலும் கீழும் கலந்துவிடும். காய்ந்தால் இரண்டு தட்டும் சேர்ந்துதான் காயும். மேல்தட்டு மட்டும், அதுவும் ஓரம் நடு என்ற வித்தியாசமில்லாமல் காய்ந்திருக்கிறது என்றால் ஈரம் மேலே பார்த்துப் போயிருக்கிறது. மூடி திறந்திருந்திருக்கிறது. ஒரு நிமிஷம் திறந்து மூடினால் இப்படி ஆகாது. போவது உள்ளிருக்கும் காற்று மட்டும்தான், பலகையும் பஞ்சும் சீக்கிரமே அதை ஈடுகட்டிவிடும். இது தினமும் மணிக்கணக்கில் திறந்து கிடந்த பெட்டி.

எங்கள் தொழிலில் இது பழகிய சமாச்சாரம். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் வரவே மாட்டேன் என்கிறது என்று ஓயாமல் புகார். மோட்டாரைப் பார்த்தேன், ரிலேயை மாற்றினேன், குறை ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் நாலாவது மாடி அம்மா கதவு மூடாதபடி நடுவில் வாளியை வைத்துவிட்டு நிதானமாகத் தரை துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமனார் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, நாங்க ஊருக்குப் போனா பெட்டியைத் திறக்கிறீங்களா?"

"பத்த வைக்கலை மாப்பிள்ளை."

"அதைக் கேக்கலையே."

"தொடக்கூட இல்லை. பாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு." அவர் மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"திறந்து வச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

டம்ளரைத் திரும்பவும் கழுவினார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருவேன். வாசம் வரும். பேப்பர் படிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"பேப்பர் முடியற வரைக்கும்."

"பேப்பர் எப்ப முடியும்?"

"வரி விளம்பரம் எல்லாம் படிப்பேன்," என்றார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "டாக்டர் என்ன சொன்னார்? மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடச் சொன்னாரா இல்லையா? வெறும் காத்தை எவன் இழுப்பான்? அந்தப் பெட்டி முன்னால உக்காந்தா தானா இழுக்குது. நீங்க இருக்கறப்ப முடியுமா? அவ மெஷினைப் போட்டுக்கிட்டு எதிர்லயே உக்காந்திருக்கா. நான் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினா தையல் நின்னுடுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. கட்டிலில் காலை மடக்கிப் படுப்பவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"மூடி திறந்திருந்தா காஞ்சு போகும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தண்ணிதான் நிறைய ஊத்தி வச்சிருக்கீங்களே, அது பாத்துக்கும்னு நினைச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. திரும்பவும் ஆரம்பிச்சுட்டேன்னு நினைப்பா."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவரைத் தனியே விட்டால் அடுத்தது தீப்பெட்டிதான் என்பாள், நாங்கள் இங்கேயே இருப்போம். சொல்லாவிட்டால் அடுத்த முறையும் பெட்டி காயும், அப்போதும் இங்கேயே இருப்போம். இரண்டு பக்கமும் கதவு உள்ள லிஃப்ட், இரண்டும் திறக்கவில்லை.

"இந்த ஒரு தடவை திறக்காம இருங்களேன் மாமா. நாலே நாள்."

அவர் யோசித்துப் பார்த்தார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "முடியாது மாப்பிள்ளை. சரின்னு சொல்லிட்டு அப்புறம் திறக்கிறதுக்கு, முடியாதுன்னே சொல்லிடறேன்."

முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு டப்பாக்களை இரண்டாக்கிப் பார்த்தேன். திறந்து கிடந்தாலும் தாங்கட்டும் என்று கணக்கு. நாங்கள் வீட்டில் இருக்கும்போதே முள் எழுபத்தாறுக்கு ஏறியது, இப்படியே விட்டால் பூஞ்சைதான். அவசரமாக ஒன்றை எடுத்துப் போட்டேன்.

வாளியைப் பறித்தால் அந்த நாலாவது மாடி அம்மா சும்மா இருப்பாரா? மறுநாள் வேறு வாளி வரும். அவருக்கு வேண்டியது வாளி வைக்க ஓர் இடம், அது லிஃப்ட் கதவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மாமனாருக்கு வேண்டியதும் வாசம். அது அந்தப் பெட்டியிலிருந்தே வர வேண்டும் என்று என்ன கட்டாயம்?

காப்பிப்பொடி போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கினேன். ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்து மூடுவது. மேல்தட்டில் வெடித்துப்போன சுருட்டுகளில் மூன்றை எடுத்து அதில் போட்டு, ஈரப் பொட்டலம் ஒன்றையும் போட்டேன். இந்தப் பொட்டலம் காற்று காய்ந்தால் ஈரத்தை விடும், ஈரம் மிஞ்சினால் உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை சதவீத ஈரம் வேண்டும் என்று சொல்லி வாங்கினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். சில நாட்களில் சருகுச் சத்தம் போய்ச் சுருட்டுகள் மெத்தென்று ஆயின. வெடித்த மேலிலை மறுபடி ஒட்டாது. அதனால் அவற்றைப் புகைப்பதில் சுகமில்லை. முகர்வதற்குக் குறையில்லை.

மாமனார் ஜாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழந்தைக்குச் சப்புற ரப்பர் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறீங்களா?"

"திறந்து பாருங்க மாமா."

கொக்கியைத் தட்டினார். மூக்கைக் கொண்டுபோனார். அவர் மார்பு மெல்ல ஏறி இறங்கியது, இன்னொரு முறை ஏறி இறங்கியது. ஜாடியைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நாலாவது முறையாகப் போனோம். அவள் கொஞ்சத் துணிதான் எடுத்துவைத்தாள். "திரும்ப அடுக்க சுலபமா இருக்கும்ல," என்றாள். புது வேலை இருந்த ஊருக்கே போய் வீடு பார்த்தோம். காலை நீட்டிப் படுக்க இடமிருந்த ஓர் அறையை நான் இரண்டு தடவை நடந்து அளந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள். நான் சூட்கேஸோடு வாசலில் நின்றேன். அவள் குனிந்து பார்த்தாள், ஈரமானியை விரலால் தட்டினாள், மறுபடி பார்த்தாள்.

"அறுபத்தெட்டு," என்றாள். குரலில் மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே அதிகம். "என்ன பண்ணீங்க?"

நான் மாமனாரைப் பார்த்தேன். சொல்லிடாதீங்க என்று கேட்டுக்கொண்டவர் அவர்தானே.

மாமனார் தன் அறைக்குப் போய் ஜாடியை எடுத்துவந்து அவள் தையல் மெஷின்மேல் வைத்தார். "அவரை ஏன் கேக்கற? நான்தான் தினமும் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பத்த வைக்கலை. மோந்து பாத்தேன், அவ்வளவுதான். இப்ப இதைத் திறக்கிறேன், அதைத் திறக்கிறதில்லை."

அவள் முகம் சிவந்தது. ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பி, உள்ளே இருந்த மூன்று சுருட்டுகளையும் கண்ணாடி வழியே பார்த்தாள். முனையில் கருகல் இருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது எனக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. கருகல் இல்லை. மூடியைத் திறந்து அவளும் முகர்ந்தாள்.

"இதுக்காப்பா இத்தனை நாள் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"நீ கத்துவியே பாப்பா."

"கத்துவேன்தான்." கொக்கியை அழுத்தி மூடினாள். ஜாடியை அப்பா கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "முதல் தேதிக்கு நாம போனப்புறம் இதையெல்லாம் யார் பாக்கிறது? சொல்லுங்க, அவரும் கேக்கட்டும்."

சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "பெட்டியை யாரும் திறக்க வேண்டாம். நாம மாசம் ஒரு தடவை வரப்ப பஞ்சுக்குத் தண்ணி ஊத்தினா போதும், மூடியே இருந்தா அதுவரைக்கும் தாங்கும். மோந்து பாக்க ஜாடி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் திறந்து வச்சுக்கலாம், காஞ்சா அந்த மூணுதான் காயும், மூடினா பொட்டலம் சரி பண்ணிடும். பொட்டலம் கையில விறைப்பா கெட்டியாயிட்டா அதைத் தூக்கிப் போட்டுட்டு மாமா புதுசு போட்டுக்குவார்."