கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை

தம்பியின் காரை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் ஷெட்டுக்கு இழுத்து வந்து போட்டார்கள். அவன் பொய்யன் என்று நிரூபிக்கத்தான் அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையாய் அலைந்து கேட்டு வாங்கியிருந்தேன். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விபத்து நடந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ரோட்டோரத்தில் பழுதாகி நின்ற லாரியின் பின்பக்கத்தில் கொண்டுபோய் இடித்திருந்தான். ஓட்டியவனுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அங்கேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது அவன் சொன்னது இவ்வளவுதான். "முன்னாடி போன இன்னொரு லாரி சேத்த வாரி கண்ணாடி பூரா அடிச்சிடுச்சுண்ணா. தண்ணி அடிச்சேன், வரல. வைப்பர் போட்டேன், சேறு இன்னும் இழுவிடுச்சு. எதுவுமே தெரியல."

எங்கள் வீட்டில் அவனுக்குச் சாக்கு மூட்டை என்று பட்டப்பெயர். பரீட்சையில் கோட்டை விட்டால் பேனா கசிந்திருக்கும். வேலைக்குப் போகத் தாமதமானால் பஸ் பஞ்சர் ஆகியிருக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வந்த நாளே கிடையாது. அப்பாவைக் கொன்றதற்கும் ஒரு சாக்கு கொண்டுவந்துவிட்டாயா என்று வராந்தா அதிரக் கத்தினேன். போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பான் என்று நானே முடிவு கட்டி, வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லியும் விட்டேன். அவனோ அன்றைக்குச் சொன்னதோடு சரி, தண்ணீர் வராத கதையைப் பிறகு எடுக்கவே இல்லை. போலீசில் கேட்டபோது, தன் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். பொய் செல்லுபடியாகாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். தம்பி கல்யாணம் ஆகாதவன்; மருந்துக் கம்பெனி கிடங்கில் வேலை, நாலு தெரு தள்ளி ஒற்றை அறையில் வாசம். வேலை முடிந்ததும் தினமும் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பான். உள்ளே விடாதே என்று நான் சொல்லியிருந்ததால் அம்மா கதவைச் சாத்திவிடுவாள். சாத்திவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கமே கொஞ்ச நேரம் நின்றிருப்பாள். போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அவன் சொன்னது நெஜமா இருந்தா அவனை உள்ள விட்டுடணும்டா. பெத்த வயிறு தாங்கல. பொய்னு தெரிஞ்சா, நான் சாகற வரைக்கும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நீ வண்டி வேலை பாக்கறவன். நீயே பாத்துச் சொல்லிடு."

"பாக்கறேன். ஆனா என்ன வரும்னு எனக்கு இப்பவே தெரியும்," என்றேன்.

நான் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடிக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதே ஷெட். என் தொழில் வெளித்தகடுதான் என்றாலும் கண்ணாடிக்குத் தண்ணீர் ஏன் வராது என்று தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்காது. இல்லையென்றால் பம்ப் ஓடாது. பம்ப் ஓடினால் நடுவில் டியூப் கழன்றோ நசுங்கியோ இருக்கும். அதுவும் சரியாக இருந்தால், பானெட் மேல் இருந்து தண்ணீர் பீய்ச்சும் நாசில் அடைத்திருக்கும். நாலே காரணம்தான். ஐந்தாவதாக ஒன்று உண்டு, ஓட்டினவன் புளுகுவது. நான் அந்த ஐந்தாவதைத் தேடித்தான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

விடுமுறை நாள், ஷெட்டில் வேறு யாரும் இல்லை. காரில் அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் உள்ளே போயிருந்தது. டிரைவர் பக்கம் விளக்கு கூட உடையவில்லை. பின்சீட்டில் அப்பாவின் குடை கிடந்தது. அதைப் பார்க்காத மாதிரி கதவை மூடினேன்.

முதலில் தொட்டி. டிரைவர் பக்கத்து மூலையில் இருந்ததால் அடிபடாமல் தப்பித்திருந்தது. காலியாக இருக்கும், விஷயம் இத்தோடு முடிந்துவிடும், தண்ணீர் கூட ஊற்றத் துப்பில்லாதவன் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். கழுத்து வரைக்கும் தண்ணீர் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

பேட்டரி செத்துப்போயிருந்தது. ஷெட்டில் இருந்த வேறொரு பேட்டரியைத் தூக்கி வந்து வயரைப் பூட்டி, சாவியைத் திருகி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தண்ணீர் அடிக்கும் கம்பியை இழுத்துப் பிடித்தேன். உர்ர் என்று பம்ப் ஓடியது. ஃபியூஸ் சரி, வயர் சரி, பம்ப் சரி. "மாட்டினியாடா," என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், உடையாமல் நின்ற டிரைவர் பக்கத்தில், ஸ்டேஷன் கொட்டகையில் நாற்பத்தோரு நாள் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. மறுபடி இழுத்தேன். பம்ப் தொண்டை கிழிய ஓடியதே தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

சரி, மோதின மோதலில் டியூப் கழன்றிருக்கும், அது மோதலுக்குப் பிறகு வந்த பழுது, அவனுக்குச் சாதகமாகாது என்று சமாதானம் செய்துகொண்டு பானெட்டை நெம்பித் தூக்கினேன். டியூப் எங்கேயும் கழன்றிருக்கவில்லை. இரண்டு நாசிலுக்கும் பிரிகிற இடத்தில் நானே உருவிவிட்டு, காருக்குள் கையை விட்டுக் கம்பியை இழுத்தேன். தண்ணீர் பீய்ச்சியடித்து என் சட்டையை நனைத்தது. அந்த இடம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மிச்சம் நாசில் ஒன்றுதான். டியூபை மாட்டி, பானெட்டை இறக்கி, டிரைவர் பக்கத்து நாசிலைக் குனிந்து பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் துளை இல்லை. வழவழவென்று சாம்பல் நிறப் பெயின்ட் மூடியிருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஊசியை எடுத்து வந்து குத்தினேன். மேல்தோல் உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளையாக, புழு மாதிரி, மெழுகு வந்தது.

அந்த மெழுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். பானெட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது நாசில் துளைக்குள் பெயின்ட் போய்விடக் கூடாது. நியாயமாக நாசிலையே கழற்ற வேண்டும். பழைய வண்டியில் கழற்றப் போனால் உடையும். மற்றவர்கள் மேலே டேப் ஒட்டுவார்கள், டேப்பை உரித்தால் சுற்றிலும் கோடு தெரியும். நான் துளைக்குள் மெழுகுவத்தியை உருக்கிச் சொட்டுவிட்டு மேலேயே பெயின்ட் அடிப்பேன். காய்ந்த பிறகு ஊசியால் நோண்டி எடுத்தால் கோடும் இல்லை, குறையும் இல்லை. இந்த வட்டாரத்தில் இப்படிச் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். வண்டியைக் கொடுக்கும்போது கண்ணாடியில் தொங்கும் வேலைச் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். அதில் கடைசி வரி மெழுகு. அதை நானே என் கையால் எடுத்து, தண்ணீர் அடித்துக் காட்டிவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பேன். வீட்டு வண்டிக்கு மட்டும் சீட்டு எழுதுவதில்லை. நம்ம வண்டிக்கு எதற்குச் சீட்டு?

விபத்துக்கு நாலு நாள் முன்னால், பானெட்டுக்குப் பெயின்ட் அடிக்க விட்டிருந்த காரை எடுக்கத் தம்பி வந்தான். நான் ஊசியை எடுக்க மேஜைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போது, "அண்ணா, பானெட் கலர் கதவோட சேரல போலிருக்கே," என்றான். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. சாவியை எடுத்து அவன் மார்பில் வீசினேன். "கலர் தெரிஞ்சவன் வேற எங்கயாவது போய் அடிச்சுக்கோ. எடுடா வண்டிய." கோவிச்சுக்காதண்ணா என்று சொல்லிக்கொண்டே அவன் எடுத்துப் போனான். நான் ஊசியை மறந்தேன்.

இப்போது அந்த ஊசி கையில் இருக்க, அழுகை வரவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் புத்தி முதலில் போனது அங்கேதான். அடுத்ததாக, இரண்டு துளையையும் சுத்தம் செய்துவிட்டு அம்மாவைக் கூட்டி வந்து தண்ணீர் அடித்துக் காட்டலாம் என்று தோன்றியது. பம்ப் நன்றாக ஓடுகிறது. பார், தண்ணீர் வருகிறதே என்று சொல்லிவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது.

சத்தியமாக அதைச் செய்யத்தான் அப்பா பக்கத்து நாசிலுக்குப் போனேன். ஆனால் அங்கே பெயின்ட் தோல் ஏற்கெனவே உரிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த மெழுகில் நகத்தால் நோண்டிய தடம் இருந்தது. அங்கே மெழுகு இருக்கும் என்று தெரிந்தவன்தான் அப்படி நோண்டுவான். இந்த வண்டியைத் தொட்டவர்களில் அது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவன், கிடங்கு வேலை கிடைக்கும் முன் என் ஷெட்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன்.

தம்பியின் அறை ஒரு அச்சகத்துக்கு மேலே. நான் போனபோது வாளியில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தோரு நாளில் நான் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்த்தான், நனைந்த சட்டையைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பாத்துட்டியாண்ணா?"

"உனக்கு எப்படா தெரியும்?"

"மறுநாளே. ஸ்டேஷன்ல வண்டியக் காட்டிக் கையெழுத்து வாங்கினாங்கல்ல, அப்ப. நகத்தால லேசாக் கீறிப் பாத்தேன்."

"ஏன்டா சொல்லல? ஊரெல்லாம் உன்னைக் காறித் துப்பிட்டு இருந்தேனே, வாயில என்ன வச்சிருந்தே?"

"சாக்கு மூட்டை சொன்னா யாரு நம்பப் போறீங்க?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அம்மா உன் வீட்லதான் இருக்கா. உன் பொண்டாட்டி ஆக்கிப் போடறதத்தான் சாப்பிடறா. என் மேல கோவம்னா என்னைப் பாக்காம இருந்துக்குவா. உன்னாலதான்னு தெரிஞ்சா அவ எங்க போவா? இந்த ரூமுக்கா? ரெண்டு பேரு காலை நீட்டிப் படுக்க முடியாது இங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். எதற்கு அடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தானாக இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் அழுதேன், அவன் கட்டிலில் உட்கார்ந்து, அடக்க மாட்டாமல். அவன் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. துணியை வாளியில் அமுக்கிக்கொண்டே, "பொய்தான்னு சொல்லிடுண்ணா. எனக்குப் பழகிடுச்சு," என்றான்.

வீடு வரைக்கும் அந்த வார்த்தை என்னோடு வந்தது. பழகிவிட்டதாம். சொல்லாமல் இருக்க எனக்கு அவனே அனுமதி கொடுத்துவிட்டான். அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவாள் என்று ஒரு நல்ல காரணமும் கொடுத்துவிட்டான். அதைப் பிடித்துக்கொண்டால் நான் தப்பித்தேன். தெருமுனை திரும்பும் வரைக்கும் பிடித்துக்கொள்வதாகத்தான் இருந்தேன், மறைக்கவில்லை.

அம்மா கூடத்தில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"பாத்தியா? பொய்யா?"

"பொய் இல்லம்மா. தண்ணி வரல."

அவள் முகத்தில் நாற்பத்தோரு நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் வரல?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் புளுக முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, ஊசி, சாவியை வீசியது, தம்பிக்கு மறுநாளே தெரிந்தது, சொல்லாமல் இருந்ததற்கு அவன் சொன்ன காரணம், ஒன்று விடாமல். சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை.

"தெனமும் வந்து நின்னானேடா," என்றாள். "மழையில கூட வந்து நின்னான். நான் அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். நீ சொன்னேன்னு சாத்தினேன்."

"அம்மா..."

"பேசாத."

எழுந்து போய் மாற்றுத் துணி இரண்டை ஒரு பையில் திணித்தாள். என் மனைவி ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவிவிட்டு நகர்ந்தாள். அங்கே இடம் போதாதும்மா என்று நான் சொன்னதற்கு, "உக்காந்துட்டே தூங்கிக்கறேன்," என்றாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. என் கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

"நீ தொட்ட வண்டியில நான் ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அம்மா தெருவில் இறங்கி நடந்தாள்.

முட்டி வலிக்காரி, பத்தடிக்கு ஒரு தரம் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாலு தெருவுக்கும் நான் அவள் பின்னாலேயே நடந்தேன், கையை நீட்டாமல்.