அருவி இரையும் குழாய்

தென்காசியில் செய்த ஸ்டெதஸ்கோப்பை ஆனி மாதத்தில் யார் நெஞ்சில் வைத்தாலும் குற்றாலத்து அருவிதான் கேட்டது. நோயாளி சென்னையில் படுத்திருந்தாலும் சரி, கோலாரில் படுத்திருந்தாலும் சரி, சாரல் தொடங்கிய அன்றே துடிப்பு அமுங்கிப்போய்ப் பேரருவி இரைய ஆரம்பித்துவிடும்.

காரணம் வல்லிநாயகம். யுத்தத்தில் சீமைச் சரக்கு நின்றுபோனபோது, ரயிலடிக்குப் பக்கத்தில் பட்டறை போட்டு, செங்கோட்டை வழியாக வந்த மலையாளத்து ரப்பரில் ஸ்டெதஸ்கோப் செய்யத் துணிந்தவர். முதல் பெட்டியை வாங்கிய டாக்டர்கள் ரப்பர் நாறுகிறதென்று முகம் சுளித்தார்கள். வேறு ஊர்க்காரன் என்றால் மருந்துக் கடையில் யோசனை கேட்டிருப்பான். இவருக்குத் தலைவலி முதல் பைத்தியம் வரை எல்லாவற்றுக்கும் அருவிதான் மருந்து. கார்த்திகையில் குழாய்களைக் கட்டாகக் கட்டிப் பேரருவிக்குக் கீழே பிடித்தார். நாற்றம் போய்விட்டது, அருவி உள்ளே புகுந்துகொண்டது. அருவி வற்றியபின் தையில் விற்ற சரக்கு என்பதால் ஆனி வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

ஆனியில் பார்சல்கள் திரும்பி வந்து ரயிலடியை அடைத்தன. கடைசல்காரன் மாடக்கண்ணு என்னென்னவோ செய்து பார்த்தான். பஞ்சு அடைத்தால் ஐந்தருவி மாதிரி கேட்டது, மெழுகு பூசினால் செண்பகாதேவி அருவி மாதிரி கேட்டது. கடைசியில் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்காக டாக்டர் பரீது மதுரையிலிருந்து சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் வேண்டாம் என்றால் ரப்பர் ஒதுக்கீடு நின்றுவிடும், பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். வல்லிநாயகம் பயந்துபோனார். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் வந்த அன்று வல்லிநாயகத்தின் மகள் குழல்வாய்மொழிக்குத் தலைப்பிரசவ வலி. விடியற்காலையில் தொடங்கியது உச்சிவரை முடியவில்லை. மருத்துவச்சி பேராச்சி வெளியே வந்து, "அண்ணாச்சி, வயித்துல அசைவே இல்ல. டாக்டர உள்ள வரச்சொல்லுங்க" என்றாள்.

டாக்டரின் சீமை ஸ்டெதஸ்கோப்பில் ரப்பர் வெடித்து மாதமாகியிருந்தது. யுத்தகாலத்தில் அவருக்கும் மாற்றுக் கிடைக்கவில்லை. வெறும் காதை வைத்துப் பார்த்தார், பிடிபடவில்லை. தென்காசிக் குழாயை வைத்தார், அருவி கொட்டியது.

"பிள்ளை உசிரோட இருந்தா ஆயுதம் போட்டு எடுக்கணும். இல்லன்னா தாயை மட்டும் பாக்கணும். எதுன்னு தெரியாம நான் கைய வைக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

கதவருகே நின்ற வல்லிநாயகம் உள்ளே பாய்ந்து, டாக்டர் காதில் குழாய் இருக்கும்போதே அதன் பித்தளை வாயைப் பிடுங்கித் தன் வாயருகே வைத்தார். "ஏ தாயே, உன்ன நம்பித்தான் தொழில் பண்ணுதேன். எம்மவ பிள்ள சத்தத்த மட்டும் கேட்டுக்கிடுதோம். கொஞ்ச நேரம் நில்லு!"

குற்றாலத்தில் பேரருவி நின்றது. எண்ணெயும் சீயக்காயுமாக நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார், யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியவில்லை. தென்காசியில் டாக்டர் மறுபடி குழாயை வயிற்றில் வைத்து, யாரும் மூச்சுவிடக் கூடாது என்பதுபோல் விரலை உயர்த்தினார். "ஓடுது. நல்லா ஓடுது" என்றவர் ஆயுதத்தை எடுத்தார். பெண் குழந்தை. அது வீறிட்டதும் அங்கே தண்ணீர் விழுந்தது. பாறையைத் தடவிப் பார்க்கப் போனவர்களுக்கு நல்ல அடி.

டாக்டர் சரக்கை ஏற்றுக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு போனது: 'அருவி கேட்டால் குழாயில் காரணம் சொல்லி, மரியாதையாகக் கேட்டுக்கொள்ளவும்.'

யுத்தம் முடியும்வரை சாரல் காலத்தில் அருவி அடிக்கடி நின்று நின்று விழுந்தது. கண்ணில் சீயக்காயோடு பதறும் வெளியூர்க்காரரிடம் எண்ணெய் தேய்க்கும் இசக்கி, "பொறும் வே, எங்கனயோ யாருக்கோ நெஞ்சு பாக்காவ" என்பான். அவரும் பொறுப்பார். தண்ணீர் விழ வெகுநேரமானால் மட்டும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் குளிக்கப் போகமாட்டார்கள்.